மலை நடுவில்தான் நிற்க வேண்டுமா?

புதுவை கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் கேமரா நண்பர்கள் எனக்கு ஓயாமல் ஒரு பாடம் எடுக்கிறார்கள். ஹிஸ்டோகிராம் நடுவில் மலைபோல் எழும்பி இருபுறமும் சரிய வேண்டுமாம். இல்லாவிட்டால் எக்ஸ்போஷர் தப்பாம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'இஸ்தோகிராம்' என்பார் ('ஹ' அந்த மொழியில் வாயைத் திறக்காது). அது வெறும் கணக்கெடுப்பு. இடது ஓரம் 0, கருப்பு. வலது ஓரம் 255, வெள்ளை. எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று உயரம் சொல்கிறது. குமாஸ்தாவாகக் காலமெல்லாம் பேரேடு எழுதியவன் சொல்கிறேன்: பேரேடு இருப்பைத்தான் காட்டும். இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று அதிகாரம் செய்யாது.

அண்ணனின் சதாபிஷேகத்தில் நான்தான் படம் எடுத்தேன். அண்ணன் நல்ல கருப்பு. வெள்ளை வேட்டி, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். மலை வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. நண்பர்கள் பேச்சைக் கேட்டு வெளிச்சத்தைக் குறைத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். சுவர் சாம்பலாயிற்று; அண்ணன் முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மறு வருஷம் அவர் போய்விட்டார். மாலை போட ஒரு படம் வேண்டுமே! கம்ப்யூட்டரில் இருட்டைத் தூக்கிப் பார்த்தேன். முகமெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போல் ஆனது. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினோம்.

கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். வெள்ளையைக் காட்டினாலும் சாம்பலாக்கும், கருப்பைக் காட்டினாலும் சாம்பலாக்கும். நாமும் மலையை நடுவுக்குத் தள்ளினால் அந்தத் தப்புக்குத் துணை போகிறோம். கார்த்திகை அகல் விளக்கை எடுத்தால் மலை இடப்பக்கம்தான் நிற்கும், நிற்கட்டும். நடுவுக்கு இழுத்தால் ராத்திரி பகலாகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு ஏறினால் அந்த இடத்தில் விவரம் போயிற்று. பிறகு ஜேபெக் படத்தில் மீளாது. விளக்கின் சுடர் அப்படிப் போனால் குற்றமில்லை, வேட்டியின் மடிப்பு போகக்கூடாது. காகிதப்பூ, குங்குமம், அரக்குப் புடவை என்றால் சிவப்பின் கோட்டைத் தனியாகப் பாருங்கள். மொத்தக் கோடு சாதுவாக இருக்கும்போதே சிவப்பு முட்டி நிற்கும்.

நம்பாதவர்கள் நாளைக் காலை கொடியில் காயும் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டம் நிறைய எடுத்துப் பாருங்கள். மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று.