முதலில் டேப்பெட், பிறகு போர்

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் களையெடுக்கும் இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை, இழுப்பில் கனமும் இல்லை என்றதும், ரிங் மாற்றிச் சிலிண்டருக்குப் போர் போட வேண்டும் என்று முடிவு கட்டுவது சரியல்ல. ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும்தான்; வால்வு முழுதாக மூடாவிட்டாலும் குறையும். மேல்மூடியை மட்டும் கழற்றி, ஃபீலர் கேஜால் டேப்பெட் இடைவெளியைப் பார்த்துவிடலாம். பழைய வகை ஹோண்டா ஜிஎக்ஸ் 160 இன்ஜினில், குளிர்ந்த நிலையில், அது இன்லெட்டுக்கு 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.20. ஓட ஓட வால்வு சீட்டில் அமிழ்ந்து இந்த இடைவெளி சுருங்கும். சூடேறித் தண்டு நீண்டதும் வால்வு மூடாமல் நிற்கும். அந்த நூலிழைச் சந்தில் பீறிடும் வெப்ப வாயு வால்வின் விளிம்பையே எரித்துவிடும். சத்தம் கேட்கக் கூடாதென்று டேப்பெட்டை இறுக்கிவைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

கம்ப்ரஷன் கேஜில் எண் குறைவாக இருக்கிறதே, ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்ல அது போதாதா என்று கேட்கலாம். போதாது. இவ்வகை இன்ஜினின் கேம்ஷாஃப்டில், ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைச் சற்றே வெளியேற்றும் டீகம்ப்ரஸர் இருக்கிறது. நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணைக் காட்டும். ஒப்பிடத்தான் கேஜ் உதவும்: பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு, இல்லையேல் ஹெட் கேஸ்கெட். இன்னும் நம்பகமானது, கம்ப்ரஷனின் உச்சியில் பிஸ்டனை நிறுத்திக் காற்றைச் செலுத்துவது. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் மட்டுமே ரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.