திறப்பு யாருடைய கையில்?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசின் மேகக்கணினிச் சேவையான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் கப்பம் கேட்கும் நச்சுநிரலிடம் சிக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன; மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவேயில்லை. பழைய மென்பொருளும், வலையமைப்புக்கு வெளியே பிரதி வைக்காததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த நச்சுநிரல் கோப்புகளைக் கிடந்த இடத்திலேயே பூட்டிவிட்டுத் திறப்பை மட்டும் கொண்டுபோகிறது. திறப்பு வைத்திருப்பவனே தரவின் சொந்தக்காரன் என்பதை அரசு அன்று அறிந்துகொண்டது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பாடமல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனம் காணி உறுதிகளைப் பையில் சுற்றிக்கொண்டு நடந்தது. அவற்றைத் தொலைத்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. உறுதியின் மூலப்பிரதி காணிக்காரரிடமும், இரண்டாவது காணிப் பதிவகத்திலும், மூன்றாவது நொத்தாரிசிடமும் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஒரே கையை நம்பாத அந்த ஏற்பாடு, அதே ஆவணம் கணினிக்குப் போகும்போது ஏன் கைவிடப்பட வேண்டும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பூட்டிவைக்கும் மறைகுறியாக்கத்தைப் பாதுகாப்பு வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் ஒழுங்குவிதிகள் சொல்லியாக வேண்டும்.

சேவை வழங்கும் நிறுவனமே தரவைப் பூட்டித்தானே வைக்கிறது என்பார்கள். பூட்டுகிறது, ஆனால் நாம் வேறாகக் கேட்காவிட்டால் திறப்பும் பெரும்பாலும் அதனிடமே இருக்கும். சொந்தத் திறப்பு நச்சுநிரலைத் தடுக்குமா? தடுக்காது; அதற்குத் துண்டித்து வைத்த பிரதிதான் வேண்டும். திருடப்பட்ட கோப்பைத் திருடன் வாசிக்க முடியாதபடி செய்வதே திறப்பின் வேலை. இவற்றைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: திறப்புத் தொலைந்தால் தரவு அடியோடு போய்விடுமே! அந்த அச்சம் நியாயமானது. அதற்கு மறைகுறியாக்க அறிஞர் ஆதி ஷமீர் 1979இலேயே வழி காட்டினார். திறப்பை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம். இரண்டு தொலைந்தாலும் கெடுதியில்லை, இருவர் கூடிச் சதி செய்தாலும் பூட்டுத் திறவாது. கண்டி தலதா மாளிகையின் பேழைத் திறப்புகளும் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடமும் தியவதன நிலமேயிடமும் பிரிந்தே இருக்கின்றன.

ஆகவே, வடக்கின் காணிப் பதிவுகளோ நோயாளர் குறிப்புகளோ மேகத்துக்கு ஏற்றப்படுமுன், திறப்பின் பங்குகளை வைத்திருக்கும் அதிகாரிகளின் பதவிகளை அரசு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அவற்றில் இரண்டேனும் யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும். இடமாற்றம் பெறும் அதிகாரி கையளிக்கும் பொருட்களின் பட்டியலில் அந்தப் பங்கும் சேர வேண்டும்.