அரசுத் தடுப்பூசி ஆலைகளை இயக்குங்கள்

இந்தியாவின் உயிரித் தொழில்நுட்ப வளர்ச்சி தனியாரின் சாதனை என்றே இன்று பேசப்படுகிறது. இந்தப் பேச்சை நம்பித்தான் அரசுத் தடுப்பூசி நிறுவனங்கள் கவனிப்பாரற்று விடப்படுகின்றன. நடந்த வரலாறு வேறு.

குன்னூர் பாஸ்டர் ஆய்வகம் 1907-ல் தொடங்கப்பட்டது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட ஊசிகளை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்மறி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த மருந்து அது. சிலருக்கு நரம்புப் பாதிப்பையும் தந்தது. அதைக் கைவிட்டு, ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து பாதுகாப்பான தடுப்பூசி தயாரிக்கும் நிலைக்குக் குன்னூர் முன்னேறியது. கிண்டியில் காசநோய்க்கான பிசிஜி, குன்னூரிலும் கசௌலியிலும் முத்தடுப்பூசி என்று நாட்டின் குழந்தைகளுக்கான மருந்து அரசுக் கூடங்களிலிருந்தே போய்க்கொண்டிருந்தது.

நவீன உயிரித் தொழில்நுட்பத்துக்கு விதை போட்டதும் அரசுதான். 1982-ல் தேசிய வாரியம், 1986-ல் தனித் துறை. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் கதை இதற்குப் போதுமான சான்று. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே.பான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிறந்த குழந்தைகள் சிலரை அந்த வைரஸ் தொற்றியிருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு இல்லை. பிறகும் அவர்களைக் கடுமையான நோய் அண்டவில்லை. அந்தக் குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற வைரஸ் வகையே பின்னாளில் மருந்தாயிற்று. டெல்லி, புணே, வேலூரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பரிசோதித்து, 2014-ல் உரிமம் பெற்று, 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தயாரித்தது பாரத் பயோடெக். ஆனால் அரசு மருத்துவமனையின் கண்டுபிடிப்பும் பல்லாண்டுப் பொது நிதியும் இல்லாமல் அந்த மருந்து இல்லை. தனியாரின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. 1997-ல் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, இறக்குமதி மருந்தின் விலையை அடியோடு சரியவைத்தது. அதே நிறுவனம் 2009-ல் பிரான்சின் சனோஃபி வசம் போனது. தனியார் நிறுவனம் கைமாறலாம். அதைத் தடுக்க நமக்கு வழியில்லை. அதனால்தான் அரசிடம் சொந்த உற்பத்தி இருக்க வேண்டும் என்கிறோம்.

இருந்த உற்பத்தியையும் 2008 ஜனவரியில் மத்திய அரசு நிறுத்தியது. தரக் குறைபாடு என்று சொல்லிக் குன்னூர், கிண்டி, கசௌலி மூன்றின் உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. குறைபாடு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூடங்களின் உரிமையாளரே அரசுதான். பணம் ஒதுக்கிச் சீரமைத்திருக்க வேண்டிய கையே பூட்டுப் போட்டது. 2010-ல் தடை விலகியபோது, அரசின் கொள்முதல் தனியாரை நம்பிப் பழகிவிட்டது.

2021-ல் அதற்கு விலை கொடுத்தோம். மத்திய அரசுக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த கோவாக்சின் என்ற கொரோனாத் தடுப்பூசிக்கு மாநிலங்களிடம் 600 ரூபாய் கேட்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது 400 ஆனது. பொதுத்துறையான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து உருவாக்கிய தடுப்பூசி அது! அந்த நாட்களில் செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் மத்திய அரசு கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் கிடந்தது. நாங்கள் நடத்துகிறோம், குத்தகைக்குத் தாருங்கள் என்று தமிழக அரசு அந்த மே மாதத்திலேயே கேட்டது.

மத்திய அரசு அந்த வளாகத்தை முழு அளவில் இயக்க வேண்டும். இயலாது என்றால் தமிழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். குன்னூருக்கும் கிண்டிக்கும் ஆண்டுதோறும் உறுதியான கொள்முதல் ஆணையும், காலியிடங்களை நிரப்பும் அதிகாரமும் தர வேண்டும். பொதுப் பணத்தில் பிறந்த மருந்தைத் தனியாருக்கு உரிமம் கொடுக்கும்போது, மாநிலங்களுக்கான விலையையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.