காட்டில் ஒன்றுமே இல்லையாம்!

போன வாரம் நான் போட்ட மலைப் படங்களுக்குக் கீழே ஒரு நண்பர், "புலியே இல்லாத புலிகள் காப்பகம் சார், காசு தண்டம்" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒன்பதாவது படிக்கும் என் பேரனும் மே மாதம் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் சுற்றினோம். அதில் முதல் நாள் ஒரு வனவிலங்குப் பூங்கா. பெயர் வேண்டாம். ஒரு வேனில் இருபத்தைந்து பேர். பின் சீட்டில் செல்போனில் குத்துப்பாட்டு. முக்கால் மணி நேரத்தில் நாங்கள் பார்த்தது புள்ளிமான் கூட்டம் ஒன்று, காட்டுப்பன்றி இரண்டு, திரும்பும்போது சங்கிலியில் நின்ற ஒரு வளர்ப்பு யானை. "ஒண்ணுமே இல்ல தாத்தா" என்றான் பேரன்.

ஆனால் ஒன்று நடந்தது. வேனில் வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையிலேயே பிறந்த பழங்குடி மனிதர். நடு வழியில் சட்டென்று கையைத் தூக்கினார். "மந்தி கத்துது, நிறுத்துங்க. கீழ ஏதோ போகுது." டிரைவர், "டைம் இல்லண்ணே, அடுத்த டிரிப் நிக்குது" என்றபடியே வண்டியை விட்டார். சிறுத்தையோ புலியோ கண்ணில் பட்டால் மரத்தின் மேலிருந்து மந்தி கொடுக்கும் எச்சரிக்கைக் குரல் அது. காடு பேசியது. கேட்கத் தெரிந்த ஒரே மனிதரின் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. இருபத்தைந்து பேரில் ஒருவராவது "நிறுத்துப்பா" என்றோமா? நானும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2012-ல் உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி வந்த வழிகாட்டு நெறிகள், புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது என்றன. நல்ல விதி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கொஞ்ச இடத்திலும் ஒரே பாதையில் மணிக்கணக்காக வேனை ஓட்டி, ஹாரன் அடித்து, அதற்கு 'கானுயிர்க் காட்சி' என்று டிக்கெட் கிழிப்பதோடுதான் சண்டை. அப்படிச் செய்தால் எந்த மிருகம் வந்து நிற்கும்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். பட்டுக் கடை வாசலில் சில இடத்தில் ஒரு தறி போட்டு வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, நெசவைப் பார்த்துவிட்டோம் என்று போவார்கள். நிஜத் தறி ஐயம்பேட்டையில் வீட்டுக்குள் இருக்கிறது. கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்ய வேண்டும். ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு "புடவை எங்கே?" என்று கேட்டால் நெசவாளி என்ன சொல்வார்?

மறுநாள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் பஸ். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் பாறை மேல் வரையாடு, நம் மாநில விலங்கு, சாவகாசமாக நின்றது. டிக்கெட் இல்லை. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் பலாப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற குரங்கு. தேயிலைக்காக வெட்டியது போக மிஞ்சிய துண்டு மழைக்காடுதான் அதற்கு வீடு. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். பேரன் ஒரு மணி நேரம் அசையவில்லை. காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டோம், அது வேறு கதை.

பழியை வேன்காரர் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க மாட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துப்போய், மறுநாள் 'நான் கண்ட விலங்குகள்' என்று கட்டுரை எழுத வைத்தவன் நான். நிறைய பெயர் எழுதியவனுக்கு நிறைய மார்க். என்ன கேட்டாய், எதற்காகக் காத்திருந்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வேனில் கூச்சல் போட்டவர்களும் யாரோ ஒரு வாத்தியார் அழைத்துப்போன பிள்ளைகள்தான்.

வேனைக் குறையுங்கள். ஆறு பேர், எட்டுப் பேராக, அந்த மலை மக்களோடு அனுமதிக்கப்பட்ட பாதையில் நடக்க விடுங்கள். கட்டணத்தைக் கூட்டி அந்த மனிதருக்குக் கொடுங்கள். அவர் கை தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும் என்று விதி போடுங்கள். முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் வேனில் போகட்டும், பாட்டில்லாமல்.

இதெல்லாம் நம் ஆட்களால் ஆகாது என்பவர்கள் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பாருங்கள். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்களே முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேசிடம் பாதுகாப்புப் பட்டயம் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது.

டிசம்பர் கடைசியில் பேரனோடு அங்கே போகிறேன். விடியற்காலை பஸ். பைனாகுலர் இரண்டு இருக்கிறது. அந்த நண்பரும் வரலாம், செல்போனை சைலன்ட்டில் போட்டுக்கொண்டு.