இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையாம்!

போபாலுக்கு வந்து 11 வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல நம்மாட்கள் வாயில நான் அதிகமாக் கேட்ட வாக்கியம், "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லைங்க" என்பதுதான். மே மாசம் வந்துட்டா இது தினம் ரெண்டு வேளை. பசங்களுக்கு லீவு, வெளியில 43 டிகிரி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைக்கலை. உடனே பழி ஊர் மேல.

போன வாரம் எங்க ஏரியா தமிழ்க் குடும்பங்களோட வாட்சப் குழுவுல அறிவிப்பு வந்துச்சு. (பதிவு செஞ்ச சங்கமெல்லாம் இல்லை. 62 குடும்பம் சேர்ந்து நாங்களா வச்சுக்கிட்ட குழு.) வழக்கம் போல கோடை விழா. ஏசி மண்டபம், சென்னையில இருந்து டிவி பாட்டுப்போட்டியில பாடின ரெண்டு பேர், அவங்களுக்கு ஃப்ளைட் டிக்கெட், கீபோர்டு, எல்ஈடி திரை, பஃபே சாப்பாடு. குடும்பத்துக்கு 2,500 ரூபாய். கூட்டிப் பாத்தா 1,55,000 வருது. மூணு மணி நேரத்துக்கு.

நான் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கு வந்த பதில்கள்லயே ரொம்ப சாதுவானது, "தமிழ் உணர்வு இல்லாதவர்". சரி, பேசிடுவோம்.

பாட வர்ற பசங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊர் ஊரா அலைஞ்சு தொண்டை காயப் பாடி சம்பாதிக்கிறாங்க, நல்லா இருக்கட்டும். வேலை செய்யுற நாலு பேர் மேலயும் இல்லை. கேட்டரிங்காரன் பின்னாடி நானும் ரெண்டு கோடை நாக்குத் தள்ள அலைஞ்சவன்தான். பிள்ளைங்களுக்கு மேடைக் கூச்சம் போகுது, வாரம் பூரா பொட்டி தட்டினவனுக்கு ஒரு சாயங்காலம் சத்தம் போட்டுச் சிரிக்கணும். எல்லாம் ஒத்துக்கறேன்.

ஆனா இதுக்கு "தமிழ் வளர்க்கிறோம்"னு பேரு வைக்காதீங்க. போன வருஷ விழாவுல தொகுத்து வழங்கின பிள்ளை ஆரம்பத்துல ஒரு வணக்கம், கடைசியில ஒரு நன்றி, நடுவுல பூரா இங்கிலீஷ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைங்க ஆடினது போன மாசம் வந்த படத்தோட குத்துப்பாட்டு. வரி அதுகளுக்குப் புரியலைங்கறது ஒரு வகையில நல்லதுதான். பாட வந்தவர் "போபால், சத்தம் பத்தலை"ன்னு கத்தினார். குலுக்கல்ல ஒருத்தருக்கு மிக்சி. இதே விழாவை வேளச்சேரியில ஒரு அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில நடத்தியிருந்தாலும் ஊர்ப்பேரைத் தவிர ஒரு எழுத்து மாறியிருக்காது.

இதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. இதே குழுவுல மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில தமிழ் வகுப்பு நடந்துச்சு. ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தர், 14 பிள்ளைகள், தலைக்கு மாசம் 300 ரூபாய். டீச்சரம்மாவுக்கு முட்டிவலி வந்து மூணாவது மாடி ஏற முடியலை. தரைத்தளத்துல ஒரு அறை மாசம் 2,000 ரூபாய்க்குக் கிடைச்சுது, எடுத்துத் தாங்கன்னு கேட்டாங்க. குழுவுல செய்தி போட்டோம். கட்டைவிரல் ஒன்பது வந்துச்சு. பணம் ரெண்டு வீட்டுல இருந்து வந்துச்சு. வகுப்பு நின்னுபோச்சு. மறுபடி சொல்றேன், ஒரு கோடை விழாப் பணத்துல அந்த அறைக்கு ஆறு வருஷ வாடகை கட்டியிருக்கலாம். என் பொண்ணு உயிரெழுத்து முடிச்சு மெய்யெழுத்துல பாதியில நிக்கறா. கோவில்பட்டியில இருந்து எங்கம்மா கஷ்டப்பட்டு தமிழ்ல தட்டி அனுப்புற வாட்சப்பை நான்தான் அவளுக்கு வாசிச்சுக் காட்டணும்.

அம்மா பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். 2022 மே மாசம் அம்மா இங்க வந்திருந்தாங்க. கோடை விழாவுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஸ்பீக்கருக்குப் பக்கத்துல இடம். காதுல பஞ்சை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாத்துட்டு, "ஏய்யா, சோறு எப்பப் போடுவாவ?"ன்னு கேட்டாங்க. அடுத்த ஞாயிறு ஷாம்லா மலையில இருக்கிற பழங்குடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2013-ல திறந்தது. அன்னிக்கு அங்க கோண்டு ஆட்கள் சைலா ஆடினாங்க. கையில கம்பு, வட்டமா சுத்தி வந்து ஒருத்தர் கம்பை ஒருத்தர் தட்டி ஆடறது. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க. "இது நம்ம கோலாட்டம்லா! கம்பைத்தான் தடிமனா வச்சிருக்காவ"ன்னு சொல்லி, தொடையில தாளம் போட ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு பூரிக்கட்டையும் மத்தும் எடுத்து பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. எங்கம்மாவுக்குக் கோலாட்டம் தெரியும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். 40 வருஷம் மகனா இருந்திருக்கேன், வெட்கமாத்தான் இருந்துச்சு.

62 வீட்டுல இப்படி எத்தனை அம்மா, மாமியார் கோடைக்கு வந்து பால்கனியில உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருக்காங்க? ஒருத்தரையாவது மேடைக்குக் கூப்பிட்டிருக்கோமா? கும்மி தெரியும், தாலாட்டு தெரியும், பல்லாங்குழி தெரியும். ஃப்ளைட் டிக்கெட் கூட வேண்டாம், ஏற்கெனவே வந்துட்டாங்க.

"வடக்கத்திக்காரன் நிகழ்ச்சிக்கெல்லாம் போய் நமக்கென்ன"ன்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். அண்ணாச்சி, அதே ஷாம்லா மலையில மானவ் சங்கிரகாலயா இருக்கு. அங்க திறந்தவெளியில நீலகிரித் தோடர் வீடு ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க. கோத்தர் வீடும் உண்டு. உதகைக்கு எத்தனையோ தடவை போயிருப்பீங்க, தோடர் வீட்டு வாசல் எவ்வளவு தாழ்வா இருக்கும்னு பாத்திருக்கீங்களா? போபால்ல பாக்கலாம். கைவினைக் கலைஞர்களைக் கூட்டிட்டு வந்து நம்ம பிள்ளைகளுக்கு மண்ணு பிசையவும் கூடை முடையவும் கத்துக்கொடுக்கிற பட்டறைகளும் அங்க நடக்குது.

கொஞ்ச தூரத்துல பாரத் பவன். 1982-ல திறந்தது, சார்லஸ் கொரியா கட்டினது. மலையில இருந்து ஏரியைப் பாத்து படிப்படியா இறங்கும். வெயில் தாழ்ந்த பிறகு அந்தப் படியில உக்காந்தா பெரிய ஏரிக் காத்து சும்மா வரும். பி.வி.காரந்த் நாடகக் குழு நடத்தின இடம். ஹபீப் தன்வீரும் இந்த ஊர்லதான் வாழ்ந்து 2009-ல இறந்தார். அங்க இருக்கிற ஓவியக் காட்சியகத்தை உருவாக்கினவர் ஜே.சுவாமிநாதன், சிம்லாவில பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவர் இங்க வந்து "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்லலை. கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். பாட்டன்கட்ல மண் சுவத்துல படம் போட்டுக்கிட்டிருந்த ஜன்கட் சிங் ஷ்யாம்ங்கிற கோண்டு இளைஞரை போபாலுக்குக் கூட்டிட்டு வந்தார். இன்னிக்கு உலகம் பூரா கோண்டு ஓவியம்னு விக்கறது அங்கிருந்து கிளம்பினதுதான்.

ஜன்கட்டோட உறவுக்காரப் பையன் பஜ்ஜு ஷ்யாம். இதே போபால்ல வாட்ச்மேன் வேலை பாத்தவர். லண்டன்ல ஒரு ஹோட்டல் சுவத்துல படம் போடப் போனார். திரும்பி வந்து தான் பாத்த லண்டனைத் தன் ஊர் மிருகங்களா வரைஞ்சார். பிக் பென் கடிகாரம் சேவல், பாதாள ரயில் மண்புழு, விமானம் பறக்கிற யானை. 2004-ல அதைப் புத்தகமாப் போட்டது நம்ம சென்னையில இருக்கிற தாரா புக்ஸ். அவருக்கு 2018-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. அவரும் பொழைக்கப் போன ஊரைத்தான் பாத்தார், கொண்டு போன கண்ணாலதான் பாத்தார். நாம போபாலையும் பாக்கறதில்லை, கோவில்பட்டியில இருந்து கொண்டு வந்ததையும் பெட்டியில இருந்து எடுக்கறதில்லை. நடுவுல மிக்சிக்குக் குலுக்கல்.

மொழி புரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க பிள்ளைங்க ஆட்டோக்காரர்கிட்ட பேசற ஹிந்தியை நான் கேட்டிருக்கேன். உங்களுக்கு மொழிபெயர்க்கிறதே அதுகதான். என் பொண்ணோட கிளாஸ் பசங்க சும்மா கேள்வி கேட்டாங்களாம், உன் ஊர் எதுன்னு. இவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு எங்க அப்பார்ட்மென்ட் பேரைச் சொல்லியிருக்கா. சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரலை.

விழாவுக்குக் கட்டாத 2,500 ரூபாயில 2,000-ஐ டீச்சரம்மாவோட கீழ்த்தள அறைக்கு முதல் மாச வாடகையாக் கொடுத்துட்டேன். மிச்சத்துல ஒரு கரும்பலகை வாங்கியாச்சு. வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. சாயங்காலம் ஷாம்லா மலை, என் வண்டியில ரெண்டு இடம் காலியா இருக்கு. வர்றவங்க குழுவுல கட்டைவிரல் போட வேண்டாம், வீட்டுக்கு வந்து பெல் அடிங்க.