134-ல் நின்ற நிருபமா: நெய்வேலி கவனிக்க வேண்டிய கணக்கு

1998 ஜனவரி, மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியைக் கோயம்புத்தூர் பெண் ஒருவர் தோற்கடித்தார். வயது 21. பெயர் நிருபமா வைத்தியநாதன். ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஆடி, ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இந்தியப் பெண்கள் டென்னிஸ் என்றதும் இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது சானியா மிர்சா. அதில் தப்பே இல்லை. ஆனால் சானியா அதே மெல்போர்னில் மூன்றாவது சுற்றுக்குப் போனது 2005-ல். அதற்கு 7 வருஷம் முன்னாடியே அந்தக் கதவைத் திறந்தவர் நிருபமா. அதே 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம் என்று அவர் பயணம் நீண்டது. ஆனால் ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 134. அதைத் தாண்ட முடியவில்லை.

ஏன் தாண்டவில்லை என்பதுதான் நெய்வேலி போன்ற ஊர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நெய்வேலிக்கு இதில் என்ன வேலை?

நிருபமா நெய்வேலிக்காரர் அல்ல. அவருக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு குழந்தை விளையாட்டு வீராங்கனை ஆவதற்கு ஏற்ற ஊர் எது என்று கேட்டால், சென்னைக்கு வெளியே பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர்களில் நெய்வேலி ஒன்று. மரம் அடர்ந்த அகலமான சாலை, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் பள்ளி, வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், பாரதி விளையாட்டரங்கம். 1956-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர் இது. சாயங்காலம் ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட இடம் உண்டு.

நிருபமாவுக்கும் ஆரம்பம் இப்படி உள்ளூரிலேயே கிடைத்தது. மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. அவரே ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். வீட்டு ஆதரவும் உள்ளூர் மைதானமும் சேர்ந்தால் ஒரு பெண்ணைத் தேசிய அளவுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்பதற்கு அவரே சாட்சி. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

காசு எங்கே கரைகிறது?

டென்னிஸ் தரவரிசை என்பது ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கும் புள்ளி. வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் ஒரு புள்ளிகூட வராது. அடிமட்டத்தில் இருப்பது 'டபிள்யூ15' தொடர். மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதை ஒற்றையரில் 32 பேரும், இரட்டையர் ஜோடிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கையில் வருவது சில நாள் ஓட்டல் வாடகைக்கே காணாது. அடுத்த வாரம் வேறு நாடு, வேறு விமான டிக்கெட்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ம் ஆண்டு கணக்கை வைத்து ஆய்வு செய்தது. பெண்களில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக வருவது சுமார் 253-வது இடத்தில் என்று அதில் தெரிந்தது. பயிற்சியாளர் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை! அதையும் சேர்த்தால் 134-வது இடத்தில் இருப்பவர்கூடக் கையைக் கடிக்கும் வாழ்க்கைதான் வாழ வேண்டும். சுமார் 100-வது இடத்துக்குள் வந்துவிட்டால் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் நேரடி இடம். அங்கே முதல் சுற்றில் தோற்றாலும், 2025 ஆஸ்திரேலிய ஓபனில் 1,32,000 ஆஸ்திரேலிய டாலர். ஆக, 134-க்கும் 100-க்கும் நடுவே இருப்பது 34 பேர் மட்டுமல்ல, வருஷம் முழுக்க உடன் வரும் ஒரு பயிற்சியாளரும் கூடத்தான். நிருபமா பெரும்பாலும் தனியாகவே பயணம் செய்தார். 2013-ல் வந்த அவருடைய சுயசரிதை 'தி மூன்பாலர்' அந்தக் காலத்தைப் பேசுகிறது. மூன்பால் என்றால் நிலவைத் தொடுவதுபோல உயரத் தூக்கி அடிக்கும் பந்து.

சானியாவுக்குத் திறமை இருந்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிறுவயதிலேயே ஹைதராபாத்தின் ஜி.வி.கே நிறுவனம் அவருக்குப் பின்னால் நின்றதும் உண்மை. 2007-ல் அவர் 27-வது இடம் வரை போனார். ஒற்றையரை அவர் விட்டு 10 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு எந்த இந்தியப் பெண்ணும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஆடவில்லை.

வேலை அப்புறம், டிக்கெட் முதலில்

நம் பொதுத்துறை நிறுவனங்களுக்கு விளையாட்டு மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. மிதாலி ராஜ் உட்பட எத்தனையோ பேருக்கு ரயில்வே வேலை கொடுத்தது. ஆனால் இந்த முறை கிரிக்கெட், ஹாக்கி, கபடிக்குப் பொருந்தும். பெயர் வாங்கிய பிறகு வேலை, வேலையோடு விளையாட்டு. டென்னிஸில் 15 வயதிலிருந்து 20 வயதுக்குள் பாதி விஷயம் முடிந்துவிடும். அந்த வயதில் அவளுக்கு வேண்டியது நியமன ஆணை அல்ல. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், கூட வர ஒரு கோச்.

சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அந்தப் பட்டியலிலேயே உள்ளது. டென்னிஸ் ஒலிம்பிக் விளையாட்டுதான். என்.எல்.சி அளவுள்ள நிறுவனம், வட்டாரத்தில் மூன்று நான்கு பெண்களைத் தேர்வு செய்து, ஐந்து வருஷம் பயணச் செலவையும் பயிற்சியாளர் சம்பளத்தையும் ஏற்பதாக அறிவித்தால் போதும். நான்கு பேரில் மூவர் பாதியிலேயே நின்றுவிடலாம். பரவாயில்லை, சுரங்கத்திலும் தோண்டிய இடமெல்லாம் நிலக்கரி கிடைக்கவில்லையே.

'தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பவர்கள் மாயா ராஜேஸ்வரனைப் பார்க்கலாம். அவரும் கோயம்புத்தூர்தான். 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை டபிள்யூடிஏ 125 தொடரின் அரையிறுதி வரை போனார். ஆனால் அடுத்த கட்டப் பயிற்சிக்கு அவர் போக வேண்டியிருந்தது ஸ்பெயினில் உள்ள ரஃபேல் நடால் அகாடமிக்கு. நிருபமாவும், 2010-ல் தாயான பிறகு 33 வயதில் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு ஒருமுறை திரும்பி வந்து ஆடினார். இப்போது கலிஃபோர்னியாவில் டென்னிஸ் அகாடமி நடத்துகிறார்.

நெய்வேலியில் அப்படி ஒரு திட்டம் வந்தால் ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குவார்ட்டர்ஸுக்குள் வளரும் பிள்ளைக்கு மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. மந்தாரக்குப்பத்தில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கும் அதே கால்கள், அதே வேகம். தேர்வுக்கான விண்ணப்பப் படிவத்தில் பெற்றோரின் பணியாளர் எண்ணைக் கேட்கும் கட்டம் மட்டும் இருக்கக் கூடாது.