கரையா, ஆழமா?

வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலை, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தனக்கு அப்பாலேயே பொழியச் செய்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதைக் குளங்களில் தேக்கித்தான் நாம் கோடையைக் கடக்க வேண்டும்.

குளம் தூர்ந்துவிட்டால் கரையை உயர்த்தினால் போதும் என்பார் பலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொள்ளளவு கூடும், ஆனால் நீர் இன்னும் அகலமாகப் பரவும். ஆவியாதல் நீர்ப்பரப்பில் நிகழ்வது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 1 ஹெக்டேர் பரப்பிலிருந்து 50,000 லிட்டர் போய்விடும். (பெருக்கிப் பாருங்கள், இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்.) அதே நீர் இருமடங்கு பரப்பில் நின்றால் இழப்பும் இருமடங்கு. ஆகவே முதலில் கரம்பையை அள்ளுங்கள் என்பேன். ஆழமும் கிடைக்கும், வயலுக்கு வளமான மண்ணும் கிடைக்கும்.